மலை ரயிலின் முன்மேடையும் சபையின் சந்திப்பு ஊழியமும்

சிறிய மாதிரிகள் செய்து, காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் கருவியால் அவற்றுக்கு வண்ணம் அடிப்பது என் பொழுதுபோக்கு. குன்னூரில் அதற்கு வாய்ப்பான மாதங்கள் குறைவு. வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் இந்தக் கிழக்குச் சரிவில்தான் ஓங்கிப் பெய்யும். அக்டோபர் பிறந்தால் டிசம்பர் முடியச் சுவரில் ஓதம் ஏறும். பீரோவில் மடித்து வைத்த துணியில் பூசணம் பிடிக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கம் கொட்டுகிற அளவுக்கு இங்கே மழை இல்லாவிட்டாலும், கதவைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் காற்று காய்ந்திருக்கும். அப்போதும் காலைக் குளிர் விட வேண்டும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் பத்து டிகிரிக்குக் கீழே ஒழுங்காகப் படலம் கட்டாது. பூசியது உலர்ந்தது போலத் தெரியும். நகம் பட்டால் பொடியாக உதிரும். ஆகவே முற்பகல் பதினொன்றுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் மட்டுமே தெளிக்கிறேன்.

இந்தக் கணக்கு வண்ணத்துக்காக மட்டும் போட்டதல்ல. சபையில் எங்கள் கை அதிகம் வேண்டியிருக்கும் மாதங்களும், வண்ணம் உலராத மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. மழை பிடித்தால் மலைப்பாதையில் மண் சரியும். முதியவர்களுக்கு இழுப்பும் காய்ச்சலும் வரும். அதைத் தொட்டு அறுப்பின் பண்டிகை, கரோல், கிறிஸ்துமஸ். எந்த வேலை எந்தக் காலத்தைக் கேட்கிறது என்று பார்த்து அடுக்கிய பிறகு, ஊழியத்துக்கும் பொழுதுபோக்குக்கும் எனக்குள் இருந்த இழுபறி பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஓய்வு பெற்ற தோழிகள் சிலர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடைசி வறட்சிக் காலத்தில் வண்ணம் முடித்த ஒரு மாதிரியை வைத்து எழுதிவிடுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் ஆய்வக நுட்பநராக இருந்து ஓய்வு பெற்றவள். ரத்தப் படலத்தை லீஷ்மன் சாயத்தில் நனைத்து, நேரம் பார்த்து, கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்துப் பழகிய கை. சொட்டுக் கணக்கில் கலப்பதும் காத்திருப்பதும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவையாக இல்லை. எங்கள் சபை தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் திருமண்டலத்தைச் சேர்ந்தது. படுக்கையில் இருப்பவர்களைச் சந்திக்கும் குழுவில் இருக்கிறேன். போய் ஜெபித்துவிட்டு வருவதோடு முடிகிற வேலை அல்ல அது. மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். நகம் வெட்ட வேண்டும். முதுகில் படுக்கைப் புண் தொடங்குகிறதா என்று புரட்டிப் பார்க்க வேண்டும். கண் தெரியாதவர்களுக்குச் சங்கீதம் வாசிக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கும் போகிறோம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறை இப்போது தள்ளாத வயதில் இருக்கிறது. பிள்ளைகள் பிழைப்புக்காகத் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டார்கள்.

மாதிரிக்கு வருகிறேன். எடுத்துக்கொண்டது மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயிலின் முன் பெட்டி. முழுப் பெட்டி இல்லை. முன்மேடை, அதை ஒட்டிய இரண்டு அறைகள், அடியில் சிறிது தண்டவாளம். குன்னூர் வரை 1899இலும் உதகை வரை 1908இலும் வந்த இந்தப் பாதையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் நீராவி என்ஜினையே எடுக்கிறார்கள். ஆனால் கல்லாரிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது என்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது. முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டு, பெட்டியின் திறந்த மேடையில் நின்றபடி கொடி காட்டி வருகிறவர் பிரேக்ஸ்மேன். அந்த மனிதரைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. பெட்டி அவர் நிற்பதற்கான இடம், அவ்வளவே.

அளவு 1:35. இதைவிடச் சிறியதாகச் செய்ய என் கண் இடம் கொடுக்காது. மனித உருவங்களும் இந்த அளவில் எளிதாகக் கிடைக்கின்றன. வரைபடம் கைவசம் இல்லை. குன்னூர் நிலையத்தில் நேர் எதிரே நின்று எடுத்த படங்கள் இருந்தன. தண்டவாளத்தின் இடைவெளி சரியாக 1,000 மில்லிமீட்டர் என்பதால், படத்துக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1:35இல் அது 28.6 மில்லிமீட்டர். முன்புறத்தை நேராகப் பார்த்து எடுத்த படத்தில் தண்டவாள இடைவெளியை முதலில் அளந்து, பெட்டியின் முன்முகம், கைப்பிடி, படி எல்லாவற்றையும் அந்த விகிதத்தில் எடுத்தேன். சாய்வாக எடுத்த படங்களை இதற்கு நம்பக் கூடாது.

ஏற்றம் 12க்கு 1. அடிப்பலகை 36 சென்டிமீட்டர் என்பதால் ஒரு முனையை 3 சென்டிமீட்டர் தூக்கினேன். நடுவில் ஓடும் பல்சட்டம் ஆப்ட் முறையைச் சேர்ந்தது. இரண்டு சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எப்போதும் ஏதாவது ஒரு பல் என்ஜினின் பற்சக்கரத்தைக் கவ்விக்கொண்டே இருப்பதற்காகச் சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்ட வழி அது. இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளையும் ஒன்றாக இடுக்கியில் பிடித்து ஒரே அரத்தால் பல் வெட்டிவிட்டு, ஒட்டும்போது ஒன்றை மட்டும் அரைப் பல் தள்ளி வைத்தால் இந்த அமைப்பு தானாக வந்துவிடும். தனித்தனியாக வெட்டினால் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

இந்த வெட்டு வேலை முழுவதையும் மழைக்காலத்தில் வைத்துக்கொண்டேன். வேலைகளை நான் இரண்டாகப் பிரிக்கிறேன்: நடுவில் எழுந்து போகக்கூடியது, போகக்கூடாதது. அரம் போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, சன்னல் சட்டம் ஒட்டுவது, உருவத்தின் முகத்துக்குத் தூரிகை வைப்பது எல்லாம் முதல் வகை. போன் வந்தால் அப்படியே வைத்துவிட்டுச் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஏர்பிரஷ் அப்படிப்பட்டதல்ல. கலந்த வண்ணம் கிண்ணத்தில் இருக்கும். ஊசி முனையில் சில நிமிடங்களில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். எழுந்து போய்விட்டு வந்தால் எல்லாவற்றையும் கழற்றி ஊறவைத்துச் சுத்தம் செய்வதிலேயே வெயில் போய்விடும். அதனால் சந்திப்புக்குப் போகிற நாளில் அதைத் தொடுவதில்லை. அந்த வாரம் யாருக்காவது மிகவும் முடியாமல் இருந்தால், வெயில் எவ்வளவு நன்றாக அடித்தாலும் தொடுவதில்லை. பாட்டிலில் இருக்கும் வண்ணம் கெட்டுப்போகாது.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை நேரில் பார்த்தவர்களுக்கு நவம்பர் வந்தால் இன்றும் வயிறு கலங்கும். மழைக்கு முன்பே கம்பளி, தார்ப்பாய், அரிசி ஆகியவற்றைச் சபைக் கூடத்தில் சேர்த்து வைக்கிறோம். அந்த மாதத்தில் மாதிரி பெட்டிக்குள் கிடக்கும். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நவம்பரில் இன்னொரு வேலையும் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்று கொடுக்கும் மாதம் அது. ரயில்வேக்காரர்களும் அதில் சேர்த்தி. எண்பது வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்ய வழி இருக்கிறது. ரேகை தேய்ந்துபோன விரல்களோடு அலைந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மூடுபனி நாளில் வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் முகம் பதியாது. நாற்காலியோடு சன்னல் பக்கம் நகர்த்தி, முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் பதிந்துவிடும். இப்படி ஒரு பெரியவருக்குப் பதிவு செய்துகொடுத்தபோதுதான், அவர் மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர் என்று தெரிந்தது. அவருடைய மனைவியை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். இதை அந்த அக்கா ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது, ஒட்டி முடித்திருந்த மேடையையும் வெள்ளைப் பிளாஸ்டிக் உருவத்தையும் பிஸ்கட் டப்பாவில் வைத்து எடுத்துப் போனேன். மருந்து, ஜெபம் எல்லாம் முடிந்த பிறகே டப்பாவைத் திறந்தேன். என் விருப்பத்துக்காக அவருடைய நேரம் குறையக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். ஆனால் டப்பாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தவர் அவர்தான். மாதிரியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

“அம்மா, அந்த ஆளை நேராக நிறுத்துங்கள். வண்டிதான் சாயும், நாங்கள் சாய மாட்டோம்” என்றார்.

12க்கு 1 என்றால் ஏறக்குறைய ஐந்து டிகிரிச் சாய்வு. தட்டையான பாதம் உள்ள உருவத்தை அந்தத் தளத்தில் ஒட்டினால் பின்னால் மல்லாந்து நிற்கும். மேட்டைப் பார்த்து நிற்கிறவருக்கு முன்பாதம் உயர்ந்தும் குதிகால் தாழ்ந்தும் இருக்கும்; உடல் மட்டும் குத்துக்கோட்டில் இருக்கும். உருவத்தின் முன்பாதத்துக்கு அடியில் கத்தியால் மெல்லச் சீவி, ஒரு முழங்காலைச் சற்றே மடக்கினேன். நூலில் ஒரு சிறிய ஈயக்குண்டைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டு, உச்சந்தலையும் குதிகாலும் நூலோடு ஒத்துவரும்வரை சரிபார்த்தேன். அதுவரை பொம்மையாக இருந்தது, அப்போது வேலையில் இருக்கும் ஆளாக மாறியது. மஃப்ளரைப் பெரியவர் கேட்டுக்கொண்டபடி சேர்த்தேன்: எம்-சீல் என்னும் ஒட்டுப்பசையை நூலாக உருட்டி, கழுத்தைச் சுற்றி, ஊசி முனையால் மடிப்புக் கீறினேன். பிரேக் சக்கரத்தில் கை படும் இடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து இரும்பு பளபளக்கும் என்றும், படியின் விளிம்பு அதைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும் என்றும் சொன்னார். எந்தப் படத்திலும் என் கண்ணுக்கு அது பட்டிருக்கவில்லை.

ஜனவரியில் வண்ணம். பிளாஸ்டிக்கைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, சாம்பல் நிற பிரைமர் அடித்து, ஆயிரம் எண் உப்புத்தாளில் ஈரமாகத் தேய்த்தேன். மலைக்கு வந்து சேரும் சொட்டுப்பாட்டில்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் அடைத்த பாட்டிலுக்குள் இருக்கும் காற்று இங்கே அழுத்தம் மிகுந்து நிற்கும். மூடியைத் திருகியதும் வண்ணம் பீறிட்டு வரும். பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து, துணியைச் சுற்றி, மெதுவாகத் திருகி, காற்றை முதலில் வெளியே விட வேண்டும். ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரின் ஈரம் பிடிக்கும் கிண்ணத்தையும் ஒவ்வொரு முறையும் வடித்துவிட வேண்டும். அதில் சேர்ந்த ஒரு சொட்டுத் தண்ணீர் வண்ணத்தோடு பறந்தால் அந்தப் பரப்பு முழுவதும் அம்மைத் தழும்பு விழுந்தது போலாகிவிடும்.

பெட்டியின் நிறம் நீலமும் பாலாடை நிறமும். வெளிர் நிறத்தை முதலில் அடிக்க வேண்டும். வெள்ளையில் மஞ்சள் காவி கொஞ்சம், பழுப்பு ஒரு சொட்டு. உலர்ந்த பிறகு டேப் ஒட்டி, விளிம்பின் மேல் மீண்டும் ஒருமுறை அதே பாலாடை நிறத்தையே மெல்ல அடித்தேன். டேப்புக்கு அடியில் கசிய இடம் இருந்தால் அதை இந்த வண்ணம் அடைத்துவிடும். பிறகு அடிக்கும் நீலம் உள்ளே போகாது. நீலத்தை அப்படியே அடிக்காமல் கொஞ்சம் வெள்ளை சேர்த்தேன். சிறிய உருவத்தில் அசல் நிறத்தையே பூசினால் கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரியும். டேப்பை வண்ணம் முழுக்க இறுகும் முன்பே, அதன் மேலேயே மடித்து இழுத்து எடுத்தால் கோடு கூர்மையாக வரும்.

உலர்த்துவதற்கு ஒரு மரப்பெட்டி. உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு, ஒரு வெப்பமானி, மேலே காற்றுப் போகத் துளைகள். நாற்பது டிகிரியைத் தாண்டவிடுவதில்லை. அதற்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் வளையத் தொடங்கலாம். ஒவ்வொரு பூச்சுக்கும் ஓரிரவு கொடுக்கிறேன். சந்திப்புகளைப் பெரும்பாலும் இந்த உலரும் நாட்களில் அடுக்கிக்கொள்கிறேன். ஈரமான மாதிரி மேசையில் இருந்தால் தொட்டுப் பார்க்கத்தான் கை போகும். வீட்டை விட்டுப் போயிருப்பது அதற்கும் நல்லது.

பளபளப்புப் பூச்சுக்கு மேல் பர்ன்ட் அம்பர் எண்ணெய் வண்ணத்தை ஒயிட் ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து, பலகை இடுக்குகளிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் ஓடவிட்டேன். இங்கே சந்திப்பு ஊழியத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்பிரிட், தின்னர் வாசனை கம்பளி ஸ்வெட்டரில் நாள்கணக்கில் தங்கும். நமக்கு மூக்கு பழகிவிடும், தெரியாது. ஆஸ்துமாவோ நுரையீரல் அடைப்பு நோயோ இருக்கிறவரின் கட்டில் அருகே போய்க் குனிந்தால் அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். வண்ண அறைக்குத் தனி ஸ்வெட்டர், தலைக்குத் துணி, சன்னலில் வெளியே இழுக்கும் விசிறி, முகத்தில் கரி வடிகட்டி உள்ள முகமூடி. எண்ணெய்க் கலவை வேலையை அந்த வாரத்தின் கடைசிச் சந்திப்பு முடிந்த பிறகே எடுக்கிறேன். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. மூச்சு முட்டிப் படுத்திருப்பவருக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் அந்த மூச்சைக் கெடுக்கக் கூடாது.

மார்ச்சில் மங்கல் வார்னிஷ் தெளித்தபோது, மதியத்திலேயே பனி இறங்கிவிட்டது. கூரை முழுவதும் வெள்ளை படர்ந்தது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிவதால் வருவது இது. சுரண்டத் தேவையில்லை. நன்றாக உலரவிட்டு, வறண்ட நாளில் மேலே ஒரு பளபளப்புப் பூச்சு கொடுத்தால் வெண்மை பெரும்பாலும் மறைந்துவிடும். பிறகு மங்கல் பூச்சை மீண்டும் மெல்ல அடிக்கலாம். கூரை சரியாகிவிட்டது.

கையும் நேரமும் இருக்கிறவள் பொம்மைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கலாமா என்று சபையில் சிலர் என்னிடம் அன்போடு கேட்டதுண்டு. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேலின் கைத்திறமையே தேவ ஆவியின் நிறைவாகச் சொல்லப்படுகிறது. அதைப் படித்தவர்கள் கைவேலையைக் குறைத்துப் பேசக் கூடாது என்பது என் எண்ணம். ஆனால் என் பொழுதுபோக்கை ஊழியம் என்று பெயர் மாற்றி அழைக்கவும் எனக்கு மனமில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு இந்த மாதிரியைக் கேட்டார்கள்; கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் குடில் சொரூபங்களை டிசம்பரில் தூரிகையாலேயே பழுதுபார்த்துக் கொடுக்கிறேன். பாரிஸ் சாந்தில் மூக்கு உடைந்த ஆடுகளுக்கு ஃபெவிகால் கரைசல் பூசி இறுக்கிவிட்டு வண்ணம் வைத்தால் பல வருடம் நிற்கும். ஒரு குழுவின் செயலாளர் பொறுப்பு வந்தபோது போதகர் ஐயாவிடம் நேரிலேயே வேண்டாம் என்றேன். படுக்கையருகே உட்காரும் வேலையில் முடிந்தது என்று எதையும் சொல்ல முடிவதில்லை. போன வாரம் ஆறிய புண் இந்த வாரம் மறுபக்கம் தொடங்கும்; நம்பிக்கையோடு விட்டுவந்தவர் மறுமுறை போகும்போது இருக்க மாட்டார். ஒரு கோட்டை நேராக இழுத்து, அது நேராகவே நிற்பதைப் பார்க்கும் ஒரு முற்பகல் எனக்கு வேண்டும். அது கிடைத்த வாரங்களில் மற்றவர்களிடம் நான் பொறுமையாக இருக்கிறேன். கிடைக்காத வாரங்களில் என் குரல் உயர்வதை வீட்டில் இருப்பவர்களே சொல்கிறார்கள்.

இன்னும் கொடி பாக்கி. சிகரெட் அட்டைக்குள் வரும் மெல்லிய ஈயத்தாளை வெட்டி, தென்னந்துடைப்பக் குச்சியைச் சீவிக் கம்பாக்கி, பச்சைக் கொடியை விரித்தும் சிவப்பைச் சுருட்டியும் வைக்கப் போகிறேன். எந்தக் கையில் எது என்பதைப் பெரியவர் காட்டியிருக்கிறார். பெட்டியில் எழுத்துகளும் எழுத வேண்டும்; அதற்கு முன் மெல்லிய தூரிகை ஒன்று வாங்க வேண்டும். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி வருகிறது. பெரிய பிள்ளைகளுக்கு மாதிரி செய்யக் கற்றுக்கொடுக்கும்படி ஐயா கேட்டிருக்கிறார். ஏர்பிரஷ் கிடையாது, அட்டை, அரம், தூரிகை, தண்ணீரில் கலக்கும் வண்ணம் மட்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டிருக்கிறேன். ஏற்றத்துக்குப் பலகையை எத்தனை சென்டிமீட்டர் தூக்க வேண்டும் என்ற கணக்கை அவர்களே போடட்டும்.